முழங்கால் ஆழத் தண்ணீருக்கு ஒரு மோட்டார்: பேரிங் எனக்குக் கற்றுத்தந்தது

நான் படகு விடும் இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அடியில் சேறு, மேலே பாசி. சாதாரண அவுட்போர்டு மோட்டாரின் கால் அங்கே தரையில் இடிக்கும். குளிரூட்டத் தண்ணீர் உறிஞ்சும் துளையும் சேற்றில் அடைத்துக்கொள்ளும். அதனால் லாங்டெயில் கட்டினேன். காற்றால் குளிரும் 6.5 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், அதிலிருந்து பின்னால் நீளும் ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாய், குழாய்க்குள் சுழலும் 1 அங்குல ஸ்டெயின்லெஸ் தண்டு (ஷாஃப்ட்), நுனியில் ப்ரொப்பல்லர்.

சட்டமும் வெல்டிங்கும் இரண்டே நாளில் முடிந்தன. சுழலும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்தான் இரண்டு மாதம் இழுத்தது.

முதல் தடவை ப்ரொப்பல்லருக்குப் பக்கத்திலேயே இரண்டு குண்டு பேரிங் போட்டேன். ரப்பர் மூடி உள்ளது, வெளியே ஓர் ஆயில் சீல் (ஷாஃப்டை இறுக அணைக்கும் ரப்பர் வளையம்). தண்ணீர் வராது என்று நம்பினேன். மூன்றாவது சவாரியிலேயே குழாயின் நுனியில் கரகரவென்று சத்தம். பிரித்து, பேரிங்கின் மூடியை ஊசியால் நெம்பிப் பார்த்தேன். கிரீஸ் தண்ணீரோடு கலந்து வெள்ளையாகத் திரண்டிருந்தது. குண்டுகள் ஓடும் தடத்தில் பழுப்புப் புள்ளிகள். விரலால் சுற்றினால் ஒவ்வொரு புள்ளியிலும் தட்டித் தட்டி நின்றது. அந்த பேரிங்குக்கு என் இன்ஜினின் சுமை ஒரு பொருட்டே இல்லை. அதைக் கொன்றது தண்ணீர்.

அதோடு வடிவமைப்பையே மாற்றினேன். உருளும் பேரிங் எல்லாம் மேலே, இன்ஜின் பக்கம். கீழே, தண்ணீருக்குள், வெறும் புஷ் மட்டும்; குண்டோ உருளையோ இல்லாத குழல் அது. பள்ளம் வெட்டிய ரப்பர் புஷ்ஷுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். பள்ளம் வழியாக மணலும் வெளியேறிவிடும். நைலானில் செய்யலாமே என்று முதலில் நினைத்தேன். நைலான் தண்ணீர் குடித்து உப்பும், ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம்.

அடுத்தது தள்ளுவிசை. ப்ரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது ஷாஃப்ட் முன்னால், இன்ஜினை நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் கிராங்க் ஷாஃப்டில் போய் விழக்கூடாது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே நடுவில் ஒரு பேரிங் அதை முழுவதும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு டேப்பர் ரோலர் பேரிங் (சாய்வாக வைத்த உருளைகள் கொண்டது) இரண்டை எதிரெதிராக வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

கடைக்குப் போகும் முன் பேரிங்கில் பொறித்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்கினால் உள் துளை: 04 என்றால் 20 மி.மீ., 05 என்றால் 25. (04க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது.) எந்த கம்பெனி செய்தாலும் அளவு ஒன்றுதான். நான் இங்கேதான் தடுக்கி விழுந்தேன். 1 அங்குலம் 25.4 மி.மீ.; 25 மி.மீ. துளைக்குள் அது போகாது. லேத்தில் 25க்கு இறக்கினால் பேரிங் முட்டி நிற்க ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. படிதான் மிஞ்சும். தள்ளுவிசையைத் தாங்க அந்தப் படி போதாது. எனவே மேல் முனையை 20 மி.மீ. ஆக இறக்கி, 30204 என்ற டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு வாங்கினேன். இப்போது 2.7 மி.மீ. படி, உள் வளையத்தில் நன்றாக உட்கார்ந்தது.

பேரிங்கை ஏற்றும்போது சுத்தியல் எடுக்கவில்லை. ஷாஃப்டை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தேன், உள் வளையத்தை மட்டும் குழாய்த் துண்டால் தள்ளினேன். இன்ஜினுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங். அதில் 2 மி.மீ. இடைவெளி விட்டேன், தள்ளுவிசை அந்தப் பக்கம் தாண்டாமல் இருக்க.

முதல் ஓட்டத்தில் வேகம் ஏறியதும் குழாய் முழுவதும் அதிர்ந்தது. உள்ளே ஷாஃப்ட் ஸ்கிப்பிங் கயிறு போல வளைந்து சுழன்றிருக்கிறது. நடுவில் இன்னொரு புஷ் வைத்தேன். தாங்கும் இடைவெளி பாதியானால் அதிர்வு தொடங்கும் வேகம் நான்கு மடங்கு உயரும் என்பது கணக்கு. அப்படியே நடந்தது, சத்தம் போனது.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வாலைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது குழாய்க்குள் நிற்கும் நீர் மேல்பக்கமாக ஓடி வரும், நேராக பேரிங்குக்கு. பேரிங் கூட்டுக்குச் சற்று முன்னால், குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வடிகால் துளை போடுங்கள். கூட்டின் ஆயில் சீலின் ரப்பர் உதடு தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்த்திருக்கட்டும். இழுபட்டால் இன்ஜினை நிறுத்தும், கையில் மாட்டும் கில் சுவிட்ச் கயிறும் அவசியம். திறந்த ப்ரொப்பல்லர் அது.

ஒரு பருவம் முழுவதும் ஓட்டிவிட்டுப் போன வாரம் கூட்டைத் திறந்தேன். கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருந்தது. நுனி ரப்பர் புஷ் மட்டும் கொஞ்சம் தேய்ந்து ஷாஃப்ட் லேசாக ஆடுகிறது. புதியது வாங்கி வைத்திருக்கிறேன். மாற்ற அரைமணி நேரம் போதும்.