தாத்தா எந்தப் படையில் இருந்தார்?

மார்ச் 4, செவ்வாய்

டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம், இரண்டு ஜப்பானிய நோட்டு, முண்டாசு கட்டிய ஆள்களோடு ஒரு குரூப் போட்டோ. தன் தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு பேத்தி எனக்கு அனுப்பிய படங்களில் இவ்வளவுதான். தாத்தா பட்டாளத்தில் இருந்ததற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் வாய் திறந்ததே இல்லையாம். "நேதாஜி படையில் இருந்திருப்பாரோ?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் என்று உடனே பதில் போட்டேன். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கம். 1939–45 போர்ப் பதக்கம் இது. பிரிட்டிஷ் வீரர்களுக்கு இதைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் இருக்கும். சன்னமான எழுத்து, பாலிஷ் போடப் போட மழுங்கிவிடும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுக்க வேண்டும். நேராக வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரியும், எழுத்து தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

விளிம்பின் படம் வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருக்கிறது. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது படைக்கு அரிசி, பெட்ரோல், லாரி, கோவேறு கழுதை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் வீட்டில் எழுதுகிற மாதிரி இல்லை. அதைத் திருத்தக் கூடாது, இனி எங்கே தேடினாலும் பட்டாளத்துக் குமாஸ்தா எழுதிய அதே எழுத்தில்தான் தேட வேண்டும்.

நோட்டில் பார்க்க வேண்டியது இரண்டு பெரிய எழுத்துகளில் முதலாவதை. ஜப்பானியர் தாங்கள் பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எழுத்து வைத்தார்கள்: மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி'. மலாயா நோட்டு டாலரில் இருக்கும், பர்மா நோட்டு ரூபாயில். இந்த இரண்டும் 'பி', பத்து ரூபாய்.

உடனே 'ஐ.என்.ஏ.தான்', அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்தான் என்று குதிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். 1945-இல் ஜப்பானியர் பின்வாங்கியதும் இந்த நோட்டுகள் செல்லாக் காசாகிவிட்டன. எதிரே முன்னேறி வந்த பிரிட்டிஷாரின் பதினான்காம் படைச் சிப்பாய்களும் நினைவுக்காகப் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டு பர்மாவைத்தான் காட்டும், எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் காட்டாது.

மார்ச் 13, வியாழன்

ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை. ஒரு வகை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதானவர்கள். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. சேர மறுத்தவர்களில் பலரை நியூ கினி வரை கூலிவேலைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஏராளமானோர் செத்தார்கள். இன்னொரு வகை, 1943 ஜூலையில் நேதாஜி பொறுப்பேற்ற பிறகு மலாயா தோட்டங்களிலிருந்து வந்த நம் ஜனங்கள். அவர்கள் பட்டாளத்துச் சம்பளப் பட்டியலில் இருந்ததே இல்லை.

போர் முடிந்ததும் கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். வெள்ளை என்றால் மறுபடி வேலை, கறுப்பு என்றால் சம்பளப் பாக்கியும் கிடையாது, வேலையும் கிடையாது. நம்மவரிடம் பட்டாளத்து எண் இருக்கிறது, ஆகவே தோட்டத்து ஆள் இல்லை. அவர் ஐ.என்.ஏ. என்றால் 1942 பிப்ரவரி முதல் போர் முடியும்வரை ஊர்ப்பக்கம் வந்திருக்கவே முடியாது. சோதிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

மார்ச் 21, வெள்ளி

"தாத்தா போருக்குப் போனாரா?" என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பதில் வராது. "எந்தப் பிள்ளை பிறந்தபோது அவர் ஊரில் இல்லை?" என்று கேட்டால் வரும். பிள்ளைகளின் பிறந்த தேதிகளை வரிசையாக எழுதினாலே போதும். பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது. ஐந்து வயது காட்டுவதற்காக வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். ஜாதகம் நம்பகமானது.

பெரிய அத்தையின் ஜாதகத்தில் தாரண வருஷம், ஆடி மாதம். 1944 ஜூலை–ஆகஸ்ட். அப்படியென்றால் 1943 அக்டோபர், நவம்பர் வாக்கில் தாத்தா லீவில் வீட்டில் இருந்திருக்கிறார். சிங்கப்பூரில் கைதியாக இருந்தவரால் அது முடியாது.

அவர் மறுபக்கத்தில் இருந்தவர். ஐ.என்.ஏ.வை எதிர்த்து பர்மாவுக்குள் போன படைக்குச் சோறும் குண்டும் சுமந்தவர். பேரப்பிள்ளைகளுக்கு ஏமாற்றம், குரலிலேயே தெரிந்தது. டில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் நடந்த வழக்குக்குப் பிறகு ஊரெல்லாம் நேதாஜி படம் மாட்டிய காலத்தில், ராஜா சம்பளம் வாங்கியவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருப்பார்? போர் முடியும்போது இந்தியப் படையில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். அவர்களில் பலர் பஞ்சத்துக்குப் பயந்து பேர் கொடுத்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டையும் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 26, புதன்

பெங்களூரு ஏ.எஸ்.சி. (ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், தாத்தா இருந்த பிரிவின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் தயார். விளிம்பிலுள்ளபடியே எண், பதவி, பெயர், ஊர், தகப்பனார் பெயர், பதக்கத்தின் படங்கள், இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ் நகல்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. பொதுவாக 'விவரம் வேண்டும்' என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். பேர் கொடுத்த தேதி, விடுவித்த தேதி, இருந்த கம்பெனி, தகுதியான பதக்கங்கள் என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறோம். அதில் பர்மா ஸ்டார் இருந்தால், பெட்டியில் இல்லாத இன்னொரு பதக்கத்தையும் வீட்டில் தேட வேண்டும்: ஆறுமுனை நட்சத்திரம், கருநீல நாடா, நடுவில் சிவப்புப் பட்டை.