பாறை ஓணானை அளக்கும்போது

தென்னிந்தியப் பாறை ஓணானில் ஆண் பெரிது, பெண் சிறிது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செம்மஞ்சளாகும், விலா கறுத்துவிடும். பெண் பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு பாறையில் ஒட்டிக் கிடக்கும். ஆனால் ஆண் எவ்வளவு பெரிது, ஊருக்கு ஊர் அது மாறுகிறதா என்று சொல்வதற்குள் பலமுறை தப்பு நடந்துவிடுகிறது.

மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை உள்ளதுதான் உடல் நீளம். வால் அறுந்திருக்கலாம் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும். 3 மீட்டர் தூண்டில் கம்பின் நுனியில் நைலான் நூலால் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். நூல் தடித்தால் சுருக்கு இறுகாது. பிடித்ததும் கழுத்திலிருந்து கழற்றித் துணிப்பையில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் சில நிமிடங்களில் சூடேறிச் செத்துவிடும். ஓணான் உடம்பை வளைக்கும். முதுகை மெல்ல அழுத்தி நிமிர்த்தி, ஒரே ஆள் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. அருங்காட்சியகத்தில் சாராயத்தில் கிடக்கும் உடல் சுருங்கியிருக்கும். அதை உயிருள்ளதோடு கலக்கவே கூடாது.

பெரிய தப்பு இனி வருவது. இளம் ஆணுக்கும் பெண்ணைப் போலவே பழுப்பு நிறம்தான். நிறத்தை மட்டும் நம்பினால் சின்ன ஆண்கள் பெண் கணக்கில் விழுந்துவிடும். ஆண் கணக்கில் பெரியவை மட்டும் மிஞ்சும். வித்தியாசம் ஊதிப் பெருத்துவிடும். ஆணுக்கு வால் அடியில் இருக்கும் புடைப்பைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று எழுத வேண்டும். போதாததற்கு, பெரிய ஆண் பாறை உச்சியில் உட்கார்ந்து தலையாட்டும், அதுவே முதலில் சிக்கும்.

வித்தியாசத்தைச் சொல்ல, பெரிய பாலினத்தின் சராசரியைச் சிறிய பாலினத்தின் சராசரியால் வகுத்து 1 கழிப்பார்கள். ஒரு பேச்சுக்கு ஆண் 110 மி.மீ., பெண் 88 என்றால் 0.25, ஆண் பெரிது என்பதால் முன்னால் கழித்தல் குறி.

குளிரூர்களில் உடல் பெரிதாகும் என்ற பெர்க்மன் விதி (1847) வெப்ப இரத்த விலங்குகளுக்கானது. பல்லி, ஓணான் வகைகளில் பல நேரம் அது தலைகீழாகும். ஆகவே மலை ஊர் ஓணான் சின்னதாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. அதற்குமுன், அங்கே குஞ்சு பொரித்த பருவத்தில் அளந்தோமா என்று பார்ப்பது முக்கியம். குட்டிகள் சேர்ந்தால் எந்த ஊரின் சராசரியும் இறங்கும். இரண்டு ஊரையும் ஒரே மாதத்தில் அளக்க முடியாவிட்டால், அட்டவணையில் மாதத்துக்குத் தனிப் பத்தி ஒன்றாவது வேண்டும்.