அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இல்லை

பர்மாவில் 2015 நவம்பர் 8 தேர்தலில் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டார். அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

செப்டம்பரில் ரங்கூனில் எங்கள் வார்டு அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் சரி. இறந்து ஆறு வருடமான அப்பாவின் பெயரும் இருந்தது. அம்மா பெயர் மட்டும் இல்லை. அப்பா இறந்ததைக் குடும்பப் பட்டியலில், அதாவது வீட்டில் இருப்பவர்களின் அரசுப் பதிவில், நாங்கள் பதியாமல் விட்டது எங்கள் தவறுதான். அம்மா எப்படி விடுபட்டார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பெயர் சேர்க்க 3ஆம் எண் படிவம். எழுத்தர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளை அட்டையா?" வெள்ளை அட்டை என்பது முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தந்த தற்காலிக அடையாள அட்டை. அது வைத்திருந்தவர்களின் ஓட்டுரிமை அந்த ஆண்டுதான் பறிபோயிருந்தது. அம்மா இங்கேயே பிறந்தவர், முழுக் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டை வைத்திருப்பவர். அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நகல் செல்லாது, குடும்பப் பட்டியலின் அசல் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அசல் மாண்டலேயில் அண்ணனிடம். இரவு பஸ் பிடித்துப் போய் வாங்கிவந்தேன். அப்புறம், அட்டையில் ஒரு எழுத்து, பட்டியலில் வேறு எழுத்து என்றார்கள். நம் ஆட்களுக்கு இது தீராத தொல்லை. வீட்டில் தமிழ்ப் பெயர், காகிதத்தில் பர்மியப் பெயர், அதையும் ஒவ்வொரு எழுத்தரும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இரண்டும் ஒருவரே என்று வார்டு தலைவரிடம் கடிதம் வாங்கிய பிறகுதான், மூன்றாவது நடையில் படிவத்தை எடுத்துக்கொண்டார்கள்.

படிவம் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். தேர்தலுக்கு முன் பட்டியலை மறுபடி போய்ப் பாருங்கள், இறந்தவர்கள் பெயர் உட்பட. நாடாளுமன்றத்தில் கால்பங்கு இடத்தை 2008 அரசியலமைப்பே ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டது. நம் ஓட்டு மீதி முக்கால்பங்குக்குத்தான். அதில் ஒன்றைக்கூட விட மனம் வருமா?

ஓட்டுப் போடுவது சுலபமாக முடிந்தது: நாடாளுமன்றத்தின் இரண்டு அவைக்கும் மண்டல மன்றத்துக்கும் மூன்று சீட்டு, மூன்று முத்திரை, இடது சுண்டுவிரலில் மை.

நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கேயே பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினார்கள். அம்மா வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். 1990இலும் ஓட்டுப் போட்டவர் அவர். அப்போது ஆங் சான் சூ சியின் கட்சி ஜெயித்தும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. "இந்தத் தடவை எண்ணுறதை நானே பார்க்கணும்" என்று ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். எண்ணி முடித்து முடிவை வெளியே ஒட்டும்வரை உட்காரவே இல்லை.