நீலம் 40, வெள்ளை 8

ஜூன் 6
கோரல் (பவளம்) வளக்குற மீன் டேங்குக்கு புது லைட்ட தம்பி மாட்டிட்டான். நான் சோஃபால சாஞ்சுகிட்டே இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் இடதுன்னு சொல்லிட்டே இருந்தேன், கடைசில "அக்கா, நீயே வந்து மாட்டிக்கோ"ன்னு சொல்லிட்டு கட்டுப் போட்ட என் காலப் பாத்து கப்சிப். தண்ணிக்கு மேல 9 இன்ச். போதும்.

ஜூன் 7
ஆப்ல ஆறு சேனல். ராயல் ப்ளூ, ப்ளூ, வயலட், வெள்ளை, சிவப்பு, பச்சை. கம்பெனிக்காரன் வச்சுக் குடுத்த ஷெட்யூல்ல நீலம் எல்லாம் 100ல நிக்குது, பாத்ததும் அழிச்சேன். பழைய ட்யூப் லைட்டுல வளந்த கோரல இதுக்கு அடியில சட்டுனு நிறுத்துனா வெளுத்துதான் போகும். அது உள்ள குடியிருக்குற பாசி, ஸூசாந்தெல்லே, அதுதான் வெளிச்சத்த வச்சு சர்க்கரை பண்ணி கோரலுக்கு ஊட்டுது, வெளிச்சம் ஓவராப் போனா அந்தப் பாசியே உள்ள விஷத்த உண்டாக்க ஆரம்பிச்சிடும், கோரல் வேற வழி இல்லாம அத வெளிய துப்பிடும், அப்புறம் பட்டினிதான். ஒரே நாள்ல சாகாது. அதான் கொடுமை, இன்னிக்கு நம்ம பண்றதுக்கு பதில் ரெண்டு மூணு வாரம் கழிச்சுதான் வரும்.

அதனால நீலமும் வயலட்டும் 40%. வாரத்துக்கு 5 ஏத்தணும். காலைல 10க்கு 0ல இருந்து ஏற ஆரம்பிச்சு 12க்கு உச்சம், 6 வரைக்கும் அப்படியே, 8க்கு திரும்ப 0. வெள்ளை 8. சிவப்பும் பச்சையும் 2, அது கூட நம்ம கண்ணுக்காகத்தான், கடல்ல பத்து மீட்டர் இறங்கினா சிவப்பு கிட்டத்தட்ட காணாமப் போயிடும், கோரலுக்கு அது இல்லாம நல்லாவே வாழத் தெரியும்.

ஜூன் 8
டார்ச்ங்கிற கோரல் கைய நீட்டாம சுருங்கியே இருக்கு.

ஜூன் 9
இன்னிக்கும் சுருங்கிதான். டாக்டர்கிட்ட இருந்து போனும் இல்ல.

ஜூன் 11
பார் மீட்டர், அதான் கோரலுக்கு உதவுற வெளிச்சத்த அளக்குற கருவி, இரவல் கிடைச்சது. தம்பி சென்சாரக் குச்சில கட்டி இடம் இடமா வைக்க, நான் நம்பர் எழுதினேன். மேல மான்டிபோரா கோரல் இருக்குற பாறைல 130, நடுவுல டார்ச் கிட்ட 70, மணல்ல 45. எல்லாம் சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தன மைக்ரோமோல் ஃபோட்டான்ங்கிற கணக்கு, அதுவும் 40%லயே.

போன்ல லக்ஸ் பாக்குற ஆப் இருக்கேன்னு தம்பி கேட்டான். லக்ஸ் மனுஷக் கண்ணுக்குன்னு வகுத்த கணக்கு, பச்சைக்குத்தான் அதிகம் மதிப்பு போடும், 450 நானோமீட்டர் நீலத்த எவ்வளவு கொட்டினாலும் கஞ்சத்தனமாத்தான் காட்டும். கோரலுக்கு வேண்டியது 400ல இருந்து 700 வரைக்கும் எத்தன ஃபோட்டான் வந்து விழுதுங்கிறது.

ஒரு நாள் கணக்கும் போட்டுப் பாத்தேன். ஏறுற 2 மணி நேரமும் இறங்குற 2 மணி நேரமும் சேந்தா முழு வெளிச்சத்துல 2 மணி நேரத்துக்கு சமம், உச்சம் 6, ஆக 8. 130 × 3600 × 8, சதுர மீட்டருக்கு 3.74 மோல். மான்டிக்கு இது கம்மி, ஆனா இப்போதைக்கு கம்மியாவே இருக்கட்டும். டார்ச்சுக்கு 70ங்கிறது ஒண்ணுமே இல்லையே, பின்ன ஏன் சுருங்குது? இந்த வெளிச்சத்துக்கு அது கைய விரிச்சுகிட்டு இல்ல இருக்கணும்! வயலட்டா? 420 பக்கம் இருக்குறது சேரலையா? வயலட்ட 30 ஆக்கினேன். திரும்ப 40 ஆக்கினேன். திரும்ப 30. ஸ்லைடர்னு ஒண்ண கண்டுபிடிச்சவன் மேல இன்னிக்கு செம கோவம். பழைய லைட்டுல ஒரு டைமர், ஆன், ஆஃப், அவ்வளவுதான், இப்படி படுத்தே கிடக்குறவ கைல ஆறு சேனலக் குடுத்தா என்ன ஆகும்.

ஜூன் 13
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஹால் முழுக்க பட்டப்பகல். லைட்டு உச்சத்துல எரியுது. க்ளவுன் மீனு ரெண்டும் மூலைல ஒண்டிகிட்டு மூச்சு வாங்குது, பூ மாதிரி விரியிற ஜோவாந்திட் பாதி திறந்தும் பாதி மூடியும் குழம்பிப் போய் நிக்குது. மத்தியானம் கரண்ட் போய் வந்துச்சு இல்ல, அப்ப இதோட கடிகாரம் 12க்குப் போயிருக்கு, அதுவும் நள்ளிரவு 12. அதுல இருந்து எண்ணிகிட்டு வந்து அதுக்கு மத்தியானம் ஆயிடுச்சு. அம்மா வந்து ப்ளக்கப் பிடுங்கினாங்க. இவ்வளவு விலைக்கு விக்கிறவன் உள்ள நேரம் காக்க ஒரு சின்ன பட்டன் பேட்டரி வைக்க மாட்டானா.

ஜூன் 14
நேரத்த சரி பண்ணியாச்சு. ஞாயிறுங்கிறதால 45 ஆக்கணும், ஆனா நேத்து ராத்திரி நடந்த கூத்துக்கு அப்புறம் மனசு வரல. 40லயே இருக்கட்டும். லைட்டுக்கும், தண்ணிய ஓட வைக்கிற வேவ்மேக்கருக்கும் யூபிஎஸ் வைக்கணும்.

ஜூன் 15
எக்ஸ்ரே. இன்னும் ஊனக்கூடாதாம்.

ஜூன் 20
தம்பி பொண்ணு வந்திருந்தா. "அத்தை, மீனுக்கு நிலா வேணாமா?"ன்னு கேட்டுட்டா. ஆப்ல நிலா மோடு இருக்கு, 29.5 நாள் சுத்து, தேய்பிறை வளர்பிறை எல்லாம் உண்டு. ஆனா நிலாவுக்குன்னு அதுல வச்சிருக்குற 1%ங்கிறதே பெரிய பொய். உச்சி வெயில் முழு நிலாவ விட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு வெளிச்சம், அப்ப நூத்துல ஒண்ணு எங்க, நிலா எங்க. அவகிட்ட அதெல்லாம் சொல்லல. கோரல் நிலாவப் பாத்துதான் முட்டை விடும்னேன். க்ரேட் பேரியர் ரீஃப்ல வருஷத்துல ஒரு தடவ, பௌர்ணமி முடிஞ்ச சில ராத்திரில, எத்தனையோ வகைக் கோரல் ஒண்ணு சேந்து முட்டை விடுறத 1980கள்லதான் கண்டுபிடிச்சாங்க. லண்டன் ஹார்னிமன் மியூசியத்துல தொட்டிக்குள்ளயே நிலா, சூடு, பகல் நீளம் எல்லாத்தையும் கடல் மாதிரி அமைச்சு முட்டை விட வச்சிருக்காங்க. "நம்ம வீட்ல விடுமா?" விடாது கண்ணு. "அப்ப நிலா எதுக்கு?"

நிலாவ அணைச்சுட்டேன். இருட்டும் அதுக்கு வேணும்.

ஜூன் 21
45.

ஜூன் 23
தூக்கம் வரல. இந்த நீலத்துக்காக மூணு பேருக்கு 2014ல நோபல் குடுத்தாங்க, அகாசாகி, அமானோ, நகமுரா. சிவப்பு எல்இடி எல்லாம் 60கள்லயே வந்தாச்சு, நீலம் பண்ணத்தான் அத்தன வருஷம் ஆச்சு. அம்மா என்னடான்னா சாயங்காலம் ஆனா வீடு பேய் வீடு மாதிரி இருக்குங்கிறாங்க. வெள்ளைய ஏத்து, மீனு மூஞ்சியே தெரியல. வெள்ளைய ஏத்தினா கோரலோட பச்சை ஆரஞ்சு எல்லாம் மங்கும்மா, அது நீலத்த வாங்கித்தான் அந்த நிறத்த வெளிய விடுதுன்னு சொன்னேன். "மங்குனா மங்கட்டும், நம்ம பாக்கத்தானே வச்சிருக்கு."

பதில் இல்ல என்கிட்ட.

ஜூன் 24
மான்டி ஓரம் வெளுத்திருக்கு!!

ஜூன் 25
இல்ல. பூதக்கண்ணாடி வச்சு தம்பி போட்டோ எடுத்துக் குடுத்தான். ஓரத்துல மட்டும் மெலிசா வெள்ளைக் கரை, அதுக்கு உள்பக்கம் நிறம் கெட்டியா இருக்கு, கரைக்கு வெளிய பாறை மேல புதுசா படர்ந்திருக்கு. இது வளர்ச்சி. வெளுக்குறதா இருந்தா வெளிச்சம் நேரா விழுற மேல்பக்கம் மொத்தமா நிறம் போகும். நேத்து ராத்திரி தூங்காம 35க்கு இறக்கலாமான்னு கிடந்தது தண்டம்.

டார்ச் அப்படியேதான்.

ஜூன் 28
50. வாக்கர் வந்தாச்சு.

ஜூன் 29
வாக்கர்ல போய் டேங்க் முன்னாடி நின்னேன், இத்தன நாளும் சோஃபால இருந்து பக்கவாட்டுலதான் பாத்துகிட்டு இருந்தேன். நேரா நின்னு பாத்தா டார்ச்சோட சதை ஒரு பக்கமா ஒதுங்கி எலும்புல ஒட்டிகிட்டு கிடக்கு, கை எல்லாம் வலது பக்கமே சாயுது, ஒரு நொடி கூட நேரா நிக்கல. வேவ்மேக்கர்! மூஞ்சி நேரா அது மேல அடிக்குது. லைட்ட மாட்டுறப்ப இடிபட்டு திரும்பியிருக்கு. வயலட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. தம்பிய கூப்பிட்டு கண்ணாடிப் பக்கம் திருப்ப சொன்னேன். வயலட் திரும்ப மத்த நீலத்தோட 50க்கு.

ஜூன் 30
மூணு கை வெளிய வந்திருக்கு. ஊதா நுனியோட.

ஜூலை 3
ஆல்கலினிட்டி, அதான் தண்ணில கார்பனேட் எவ்வளவுன்னு காட்டுற அளவு, 8.6ல இருந்து 7.9. வெளிச்சம் ஏற ஏற வளர்ச்சி ஏறும், வளர்ச்சி ஏறினா தண்ணில இருக்குற கார்பனேட்ட இழுக்கும், எதிர்பார்த்ததுதான், ஆனா இவ்வளவு சீக்கிரம் இல்ல. அத ஈடு கட்ட ஊத்துற டோஸிங்க கொஞ்சம் கூட்டினேன். இது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் 55 கிடையாது. அம்மாவுக்காக வெள்ளை சாயங்காலம் 6ல இருந்து 7 வரைக்கும் மட்டும் 15. ஒரு மணி நேரம், பாத்துக்கட்டும்.

ஜூலை 4
8.0. அம்மா 7 மணிக்கு மேலயும் உக்காந்திருந்தாங்க, நீலத்துல அந்த டார்ச் நுனிதான் நல்லா இருக்காம். பேய் வீட்டப் பத்தி நான் ஞாபகப்படுத்தல. திங்கள் கட்டு பிரிக்கிறாங்க, அன்னிக்கு டெஸ்ட் தம்பிதான் பண்ணணும், ரீஏஜன்ட் சொட்டுறப்ப பாட்டிலச் சாய்க்காம நேரா பிடிக்க சொல்லணும், 7.8க்கு கீழ காட்டினா லைட்டத் தொடாம எனக்கு போன் பண்ணச் சொல்லணும்.