பழைய பிக்கப் டிரக்கைத் தானமாகக் கொடுக்கப் பட்ட பாடு

ஒரு தொலைபேசி அழைப்பு போதும், வண்டியை இழுத்துச் செல்லும் டோ டிரக் வாசலுக்கே வரும், வருமான வரியிலும் கழிவு கிடைக்கும் என்று வாகன தான விளம்பரங்கள் சுருக்கமாக முடித்துவிடுகின்றன. வண்டி ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, உரிமைப் பத்திரமான டைட்டிலில் கடன் தந்த வங்கியின் பெயரும் இல்லாமலிருந்தால், கலிபோர்னியாவில் அது ஏறக்குறைய அப்படியே நடந்துவிடவும் கூடும். எங்கள் 2004ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சருக்கு இவ்விரண்டுமே பொருந்தவில்லை. கிளட்ச் போய் வீட்டின் முன் நின்றிருந்த அந்த டிரக்கை இலவசமாகக் கொடுப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட அதை வாங்கும்போது நாங்கள் படவில்லை.

தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகவே முடிந்தது. வருமான வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் வசதி இருக்கிறது. விளம்பரத்தில் காணும் பெயரை நம்பாமல், பதிவான சட்டப்பூர்வப் பெயரை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அமைப்புகள் வண்டியைத் தாமே கையாளுவதில்லை. ஓர் இடைத்தரகு நிறுவனம் எடுத்துச் சென்று ஏலத்தில் விற்று, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டதற்கு எனக்குத் தெளிவான பதில் தந்த அமைப்பையே நான் தேர்ந்தெடுத்தேன்.

சிக்கல் டைட்டிலில் தொடங்கியது. டிரக்குக்கான கடனை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும், கடன் தந்த வங்கி அந்தச் செய்தியை மாநில வாகனப் பதிவுத் துறையான டிஎம்விக்குத் தெரிவிக்கவே இல்லை. அங்குள்ள பதிவேட்டில் வங்கிதான் இன்னும் சட்டப்பூர்வ உரிமையாளர். அந்த வங்கியோ இதற்கிடையில் வேறொரு வங்கியுடன் இணைந்து பெயரே இல்லாமல் போயிருந்தது. புதிய வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர்கள், என் பழைய கடன் எண் தங்கள் கணினியில் இல்லை, இல்லாத கடனுக்கு விடுவிப்புக் கடிதம் தர இயலாது என்று ஒவ்வொரு முறையும் பணிவாகச் சொல்லி அழைப்பை முடித்தார்கள். கடன் இல்லை என்பதைத்தானே எழுதித் தரச் சொல்கிறேன் என்ற என் கேள்வி எவருக்கும் புரியவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வைப்புத்தொகைக் காப்பீட்டு அமைப்பான எஃப்டிஐசியின் தளத்தில் எந்த வங்கி எப்போது எதனுடன் இணைந்தது என்ற வரலாற்றைத் தேடிப் பார்க்கலாம். வங்கி திவாலாகி எஃப்டிஐசியின் பொறுப்பில் மூடப்பட்டிருந்தால், விடுவிப்புப் பத்திரத்துக்கு அவர்களிடமே விண்ணப்பிக்கலாம். வேறொரு வங்கியுடன் இணைந்திருந்தால், வாங்கிய வங்கிதான் தர வேண்டும். அந்த இணைப்பு விவரத்தை அச்சிட்டு, வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணான விஐஎன் எண்ணையும், கடன் தீர்ந்ததாகப் பழைய வங்கி அன்று அனுப்பிய கடிதத்தின் நகலையும் சேர்த்து, வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு வண்டியின் மீதான கடன் உரிமையை நீக்கும் லியன் விடுவிப்புப் பிரிவுக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பினேன். தொலைபேசியில் இல்லாமல் போன கடன் காகிதத்தில் கிடைத்துவிட்டது.

ஆனால் வந்த பத்திரத்தில் நோட்டரி முத்திரை இல்லை. டைட்டில் கையில் இல்லாதவர்கள் நிரப்ப வேண்டிய ரெக் 227 படிவத்தில், கடன் கொடுத்தவர் உரிமையை விடுவிக்கும் கையெழுத்து நோட்டரி முன்னிலையில் இடப்பட வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நாள்தோறும் இதையே தொழிலாகச் செய்யும் பிரிவு அதைப் படிக்காததால், நான் டிஎம்விக்குப் போனது வீண் அலைச்சலாயிற்று. முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. கவுண்டரில் இருந்த அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, வண்டி என் பெயரிலும் அண்ணன் பெயரிலும் இருப்பதையும், இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஒரு சாய்கோடு இருப்பதையும் சுட்டிக்காட்டினார். கலிபோர்னியாவில் ‘அல்லது’ என்று பதிவாகியிருந்தால் ஒருவர் கையெழுத்துப் போதும். ‘மற்றும்’ என்றோ சாய்கோடோ இருந்தால் இருவரும் இட வேண்டும். அண்ணன் இப்போது டெக்சாஸில் இருக்கிறார். அந்த அம்மையார் அன்று சொல்லியிராவிட்டால், நோட்டரி முத்திரையோடு திரும்பி வந்தும் மறுபடி வெறுங்கையோடு போயிருப்பேன். அண்ணனுக்குப் படிவத்தையே தபாலில் அனுப்பி மையில் கையெழுத்து வாங்கினேன். அதற்கும் வழியில்லாதவர்கள், மற்ற உரிமையாளர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை ரெக் 260 படிவத்தின் மூலம் பெறலாம்.

நோட்டரி முத்திரையிட்ட பத்திரமும் கிடைத்து, புதிய டைட்டில் வந்தபின் டோ டிரக் வந்தது. ஓட்டுநர், பெறுபவரின் பெயரை வெற்றாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னார். அவர் கையில் இருந்த ரசீதில் தொண்டு நிறுவனத்தின் பெயரே இல்லை. யாரிடம் கொடுத்தோம் என்று எழுத்தில் இல்லாமல் வண்டியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் இடைத்தரகு நிறுவனத்தை அழைத்து, பெறும் அமைப்பின் முழுப் பெயரும் முகவரியும் கொண்ட ரசீது மின்னஞ்சலில் வரும்வரை அவரைக் காக்க வைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த முகவரி தேவைப்பட்டது. வண்டி கைமாறிய 5 நாட்களுக்குள் டிஎம்வியிடம் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைத் தர வேண்டும், அதில் பெறுபவரின் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். டிரக்கைச் சங்கிலியில் பூட்டிக்கொண்டிருக்கும்போதே இணையத்தில் அதைப் பதிந்து, உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்துக்கொண்டேன். சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்ட்ராக் கருவியையும் கழற்றிவிட்டேன். காப்பீட்டை அதன்பிறகே ரத்து செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வரிக் கழிவைப் பற்றி விளம்பரம் சொல்லாதது ஒன்று உண்டு. 2005 முதல் உள்ள விதிப்படி, அமைப்பு வண்டியைப் பயன்படுத்தாமலும் பழுது பார்க்காமலும் ஏலத்தில் விற்றால், சந்தை மதிப்பு எதுவாயினும் விற்ற தொகைதான் உங்கள் கழிவு. 500 டாலரோ அதற்குக் குறைவாகவோ விற்றால் மட்டும், சந்தை மதிப்பை மீறாமல் 500 டாலர் வரை காட்டலாம். செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கே இதுவும் பயன்படும். பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவு 2025க்குத் தம்பதிக்கு 31,500 டாலர் என்பதால், பலருக்கு இந்தத் தானத்தால் வரியில் ஒரு காசும் குறையாது. எங்கள் டிரக் 500ஐச் சற்றே தாண்டி விற்றதால் விற்ற தொகைக்கு அமைப்பு தரும் சான்றான 1098-சி படிவம் கட்டாயமாயிற்று. விற்ற 30 நாட்களுக்குள் வர வேண்டிய அது, நினைவூட்டிய பிறகே வந்தது. விஐஎன் எண்ணில் ஓர் எழுத்துத் தவறாக இருந்ததால் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கினேன்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, ஏலத்தில் எடுத்தவர் பெயர் மாற்றாமலேயே பாலத்தைக் கடந்ததற்கான சுங்க நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. சேமித்து வைத்திருந்த அறிவிப்பின் நகலை அனுப்பியதும் அதை ரத்து செய்துவிட்டார்கள்.