பினாங்கில் ஒரு பகல்

எங்கள் சுற்றுலாக் கப்பல் மலேசியாவின் பினாங்கில் நிற்கும் அன்று டூர் பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினால் மணிக்கூண்டு பக்கத்திலேயே; கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு மலை ரயில்தான் வேண்டுமாம். 1923இல் ஓடத் தொடங்கிய ரயில், எனக்கும் ஆசைதான். நேரமாக ஆக வரிசை நீளும் என்பதால் முதலில் மலை. போக, ஜெட்டி எனும் படகுத்துறையிலிருந்து 204ஆம் எண் பஸ் (சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும்), திரும்பும்போது கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகை) கார், அம்மாவின் முட்டிக்கு அதுதான் சரி. ஊர் சுற்றுவது அப்புறம். நேரம் போதாவிட்டால் பாதியில் விட்டுவிட்டு நடந்தே கப்பலுக்குப் போய்விடலாம். புறப்படும் நேரத்தை அல்ல, கடைசியாக ஏற வேண்டிய நேரத்தைப் பார்த்துத்தான் அலாரம் வைத்திருக்கிறேன். அப்பா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் தூங்குறேன்" என்கிறார்.