முகூர்த்தத்துக்கு முன் முடிக்க வேண்டிய மெனு

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, பழைய ஆல்பம் பாக்கிகளை வசூலிப்பது, புதுச் சாமான் வாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் கும்பகோணத்தில் எங்களைப் போன்ற கல்யாணப் புகைப்படக்காரர்கள் அந்த மாதத்தில்தான் வைத்துக்கொள்வோம். 16 ஆண்டுகள் கண்ணாடி வைத்த கேமராக்களிலேயே வேலை செய்த நானும், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆடியில் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நான் எழுதப்போகும் தொல்லைகள் பெரும்பாலும் எல்லாக் கம்பெனிகளின் கேமரா மெனுவிலும் வேறு வேறு பெயரில் இருக்கின்றன, அவற்றில் பாதி என் கைத்தவறும்கூட.

எங்கள் தொழிலில் இந்த மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. பானசோனிக்கின் ஜி1 என்ற மிரர்லெஸ் வெளிவந்தது 2008இல்; பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள, முழு ஃபிரேம் எனப்படும் சென்சாரோடு சோனியின் ஆல்ஃபா 7 வந்தது 2013இல். அப்போதெல்லாம் அவற்றை விளையாட்டுச் சாமானாகவே பார்த்தோம். 2018இல் நிக்கானும் கேனனும் தங்கள் முழு ஃபிரேம் மிரர்லெஸ்களைக் கொண்டுவந்த பிறகுதான், கையிலிருக்கும் லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம் என்ற தைரியம் எங்களுக்குப் பிறந்தது. எனக்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின, ஏனென்றால் என்னுடைய பழைய நிக்கான் டி750 நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தது.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு 22 நாள்கள் இருந்தன. ஸ்டுடியோவில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தால் ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம், அதற்குள் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. நிக்கானின் சில டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி வைத்த கேமரா) மாடல்களில் தமிழ் மெனுவே உண்டு; ஆனால் அதை வைத்து வேலை செய்யும் ஒருவரையும் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. கற்றுக்கொள்ளும் வீடியோவும் சர்வீஸ்காரரும் ஆங்கிலப் பெயரையே சொல்வதால், தமிழில் வைத்தால் யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாமல் போய்விடும். ஆகவே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, இடப்பக்கம் மெனுவில் உள்ள பெயர், நடுவில் நான் வைத்த நிலை, வலப்பக்கம் எதற்காக அப்படி வைத்தேன் என்று தமிழில் ஒரு வரி, இப்படி எழுதத் தொடங்கினேன். என்னுடன் ஏழு ஆண்டுகளாக வேலை செய்யும் தம்பி, “அண்ணே, கேமரா வாங்கினீங்களா, கணக்குப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்தீங்களா?” என்று கேட்டான்.

பழைய கேமராவில் மெனு என்பது படம் எடுத்த பிறகு நடப்பதைப் பற்றியது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். கேமராவுக்குள் நான் எதை எப்படித் தப்பாக வைத்திருந்தாலும் மணப்பெண் என் கண்ணுக்கு மணப்பெண்ணாகவே தெரிவாள், தப்பு பின்னால்தான் தெரியும். மிரர்லெஸ்ஸில் கண்ணருகே இருப்பது ஒரு சின்னத் திரை. சென்சார் வாங்கிய வெளிச்சத்தை மெனுவின் வழியாகச் செலுத்திய பிறகே அது எனக்குக் காட்டுகிறது. அதாவது, படம் எப்படி வரவேண்டும் என்பதோடு, எடுக்கும் நேரத்தில் நான் எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் மெனுவிலேயே முடிவு செய்துவிடுகிறேன். இது புரிவதற்கு எனக்கு ஒரு வரவேற்பும் ஒரு முகூர்த்தமும் செலவாயின.

முதலில் வரவேற்பு. அமைப்புகளின் விளைவை வியூஃபைண்டரிலேயே காட்டு என்ற நிலையில்தான் கேமரா பெட்டியிலிருந்து வந்தது. வெளிச்சம் கூடினால் திரை வெளுக்கும், குறைந்தால் இருளும் என்பதால் எடுப்பதற்கு முன்பே பலனைப் பார்த்துவிடலாம். பகலில் அதைப் போல வசதி வேறில்லை. மேடையில் இரண்டு ஃபிளாஷ்களை நிறுத்தி, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று என் பழைய கணக்கின்படி வைத்துக் கண்ணைக் கொடுத்தபோது, எதிரே கன்னங்கரேல் என்றிருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேனோ என்று விரலால் தடவியே பார்த்தேன். ஃபிளாஷ் வெடிக்கப்போவது கேமராவுக்குத் தெரியாது. மண்டபத்தின் சாதாரண விளக்கு அந்த எண்களுக்குப் போதாது, ஆகவே அது உண்மையையே காட்டிக்கொண்டிருந்தது. சில கேமராக்கள் தம் கம்பெனி ஃபிளாஷைப் பொருத்தினால் தாமாகவே திரையை வெளிச்சமாக்கிக்கொள்ளும். தள்ளி நிற்கும் ஃபிளாஷை வெடிக்கவைக்க நான் வைத்திருந்த வேறு கம்பெனி டிரிக்கரை என் கேமரா ஃபிளாஷாகவே மதிக்கவில்லை. வாழ்த்த வந்தவர்கள் மேடையில் வரிசையாக நிற்க, நான் குனிந்து மெனுவுக்குள் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்த நிமிடங்களை இன்றும் நினைக்க விருப்பமில்லை. நோட்டில் அந்த வரி இருந்தது. “எதற்காக” என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

முகூர்த்தத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒத்திகைக்காக மகாமகக் குளக்கரையில் வெயிலில் எடுத்துப் பார்த்தபோது திரை மங்கலாகத் தெரிந்ததால், வியூஃபைண்டரின் பிரகாசத்தை இரண்டு படி ஏற்றியிருந்தேன், இறக்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஹோமப் புகையும் குத்துவிளக்குமாக இருந்த மண்டபத்தில் அந்தத் திரை ஜொலித்தது. எல்லாம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாக நம்பி எடுத்த படங்கள், கணினியில் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இருட்டாகத் திறந்தன. சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்ததால் மீட்க முடிந்தது. பிரகாசத்தைத் தானியங்கியில் விடாமல் நடுநிலையில் நிறுத்தி, படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மூலையில் எப்போதும் தெரியும்படி வைப்பது அன்றிலிருந்து என் வழக்கம். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் எந்தத் திரையும் வெளிச்சமாகத்தான் தெரியும், ஹிஸ்டோகிராமின் மேட்டுக்கு அந்த மயக்கம் கிடையாது.

நிறத்திலும் இதே கதைதான். கேமராவில் உள்ள வண்ணப் பாணிகளில் பளிச்சென்று காட்டும் ஒன்றை முதல் வாரம் தேர்ந்தெடுத்திருந்தேன். பூக்களும் வாழைமரமும் திரையில் அழகாகவே தெரிந்தன. ஆனால் அரக்குச் சிவப்புக் கூறைப் புடவையை அதில் பார்த்தால் மடிப்பு, ஜரிகை ஓரம், நெசவு எதுவும் பிரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுவதை, பிரகாசத்தை மட்டும் அளக்கும் ஹிஸ்டோகிராம் சொல்லாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை எடுத்த படத்தின்மேல் வரவழைத்துப் பார்த்தால்தான் தெரியும். நடுநிலைப் பாணிக்கு மாறியபோது திரை கொஞ்சம் செத்தாற்போல இருந்தது, ஆனால் ஜரிகை திரும்பி வந்தது. நிறங்களைப் பதியும் அளவான வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி. எங்கள் ஆல்பம் அச்சடிக்கும் லேப் கேட்பது அதுதான் என்பதால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அசையும் பாகம் இல்லாமல் சென்சாரே வேலை செய்யும் சத்தமில்லாத ஷட்டரை நான் ஆசையாக எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் கன்னிகாதான மந்திரத்தின் நடுவே என் பழைய கேமரா டப்பு டப்பென்று அடிப்பதற்குப் புரோகிதர்கள் பலமுறை முறைத்திருக்கிறார்கள். முதல் கல்யாணத்திலேயே மண்டபத்து எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படித்து முடிப்பதற்குள் அந்த ஏற்ற இறக்கம் பலமுறை நடந்துவிடுவதால், ஒரு வரிசைக்கு வெளிச்சமும் அடுத்ததற்கு இருட்டும் கிடைக்கின்றன. ஷட்டரை 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்காக வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுச் சுற்று கிடைத்துப் பட்டை மறைகிறது. மேடைக்குப் பின்னால் நிறுத்தும் பெரிய எல்இடி திரை வேறு வேகத்தில் துடிப்பதால் அதற்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே டப்பென்று அடிக்கும் மெக்கானிக்கல் ஷட்டர்தான். வீடியோவுக்கும் இதே காரணத்தால் 25 அல்லது 50 ஃபிரேம். அமெரிக்கர் ஒருவரின் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தம்பி வைத்திருந்த 60ஐ மாற்றினேன்.

பட்டையைவிட எதிர்பாராத தொல்லை ஒன்று இருந்தது. குடும்பப் படத்தில் 14 பேரை நிறுத்தி மூன்று படங்கள் எடுத்து முடித்து நிமிர்ந்தேன், ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நிற்க, நடுவில் நாற்காலியில் இருந்த பாட்டி மட்டும், “ஏம்ப்பா, எடுத்தியா இல்லையா? கன்னம் வலிக்குது” என்றார். டப்பென்ற அந்தச் சத்தம் எனக்கு இரைச்சலாக இருந்திருக்கலாம். நிற்பவர்களுக்கு அதுதான் கண்ணிமைக்கலாம் என்ற அனுமதி. குழுப் படத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர் என்று எழுதி, வலப்பக்கக் கட்டத்தில் “பாட்டியின் கன்னம்” என்று குறித்தேன்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்தது ஃபோகஸ்தான். முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்மையிலேயே பெரிய வரம், ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடந்து வரும்போது பத்துக்கு ஒன்பது கூர்மையாக விழுகிறது. ஆனால் மேடையின் பின்னால் கட்டிய பேனரில் மணமக்களின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அவற்றையும் அது முகமாகவே எண்ணுகிறது. நிஜ மணப்பெண் குனிந்திருந்தால் அச்சுப் பெண்ணின் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாலி கட்டும் நேரத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். எனக்கு வேண்டியது மணப்பெண்ணின் கழுத்தருகே இருக்கும் விரல்களும் மஞ்சள் கயிறும். கேமராவுக்குப் பிடித்தது மாப்பிள்ளையின் முகம். 70 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 2.8இல், இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர்தான். முகத்தில் ஃபோகஸ் நின்றால் முடிச்சு தப்பிவிடும். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடும் வீடுகளில், இரண்டு பேரின் முகங்களுக்கு நடுவே அது தாவிக்கொண்டும் இருக்கும். கட்டைவிரல் விழும் இடத்திலிருந்த ஒரு பட்டனை, அழுத்தியிருக்கும் வரை முகத்தேடலை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு வருமாறு அமைத்தேன்.

அதோடு முடியவில்லை. கெட்டிமேளம் முழங்கியதும் நாலு பக்கத்திலிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கும், அவை லென்ஸுக்கு முன்னே குறுக்கிடும் கணத்தில் ஃபோகஸ் அரிசியைத் துரத்திக்கொண்டு முன்னே வந்துவிடும். குறுக்கே வருவதை எவ்வளவு நேரம் பொருட்படுத்தாமல் இருக்கவேண்டும் என்பதற்கு மெனுவின் ஆழத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நடுவில் இருந்ததை, பிடித்ததை விடாதே என்ற பக்கத்தின் கோடிக்கு நகர்த்தினேன். ஸ்டுடியோவில் தம்பி நாற்காலிமேல் ஏறிநின்று ரேஷன் அரிசியைத் தூவ, பொம்மையின் கழுத்தில் கட்டிய கயிறைக் குறிவைத்து ஒரு மாலை முழுவதும் சோதித்தோம். பெருக்கும் வேலை அவனுக்கே விழுந்ததால், அந்த அமைப்பின் காரணத்தை அவன் மறக்கமாட்டான்.

மற்றவை எளிது. கார்டு இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் நிலையை மூடினேன், இரண்டாவது கார்டு முதலாவது நிரம்பினால் என்று காத்திருக்காமல் நகலாக எழுதும்படி வைத்தேன், இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒன்றாக்கினேன். தம்பியின் கேமரா ஏழு நிமிடம் முந்தி ஓடியபோது, நேரவரிசையில் அடுக்கிய படங்களில் தாலிக்குப் பிறகு கன்னிகாதானம் நடந்தது. பேட்டரிக்கு மெனுவில் மருந்து குறைவு: டி750 ஒரு சார்ஜுக்கு 1230 படங்கள் என்று மதிப்பிடப்பட்டது, மிரர்லெஸ்களில் பலவற்றுக்கு அந்த எண் 300 முதல் 600க்குள். கழுத்தில் தொங்கும்போது சட்டை உரசுவதைக் கண் வந்துவிட்டதாக எண்ணித் திரை எரிந்துகொண்டே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, கேமராவை இடுப்புப் பெல்ட்டுக்கு மாற்றியதில் கொஞ்சம் மிச்சமானது. நான்கு பேட்டரிகள் இல்லாமல் இப்போது வெளியே போவதில்லை.

எல்லாம் தெளிந்தபின் அவற்றை டயலில் ஏற்றினேன். நிக்கானின் பல மாடல்களில் யு1, யு2, யு3 என்றும், கேனனில் சி1, சி2, சி3 என்றும் இருக்கும் அந்த நினைவிடங்கள்தான் எனக்கு மெனுவிலேயே மிகப் பயனுள்ளவை: ஒன்றில் சடங்கு, இரண்டில் ஃபிளாஷோடு வரவேற்பு, மூன்றில் வெளியே ஊர்வலம். இவற்றின் மொத்தத்தையும் ஒரு கோப்பாகக் கார்டில் சேமித்து, அதே மாடல் வைத்திருக்கும் தம்பியின் கேமராவிலும் ஏற்றினேன். நோட்டு இனி வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

இந்த ஆடியில் கேமராவை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு, சேமித்து வைத்த அந்தக் கோப்பை கேமரா ஏற்க மறுத்துவிட்டது. நோட்டை எடுத்துத் தூசி தட்டி, தம்பி ஒவ்வொரு வரியாகப் படிக்க, நான் அழுத்திக்கொண்டே போனேன். இருபத்தாறாவது வரியில் நிறுத்தினான்.

“அண்ணே, இதுக்கு எதுக்காகன்னு எழுதலையே.”

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்; ஏதோ ஒரு தாமத அளவை ஒரு படி குறைத்திருந்தேன், எந்தக் கல்யாணத்தில் எதற்காக என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு இருபத்தேழுக்குப் போனோம்.